ரெடாக்ஸும் எலக்ட்ரோகெமிஸ்ட்ரியும்: ஃபார்முலாவுக்கு முன்னாடி எலக்ட்ரானை எண்ணுங்க

கேள்வி இதுதான்: தியரி படிக்கிறப்ப புரியுது, ஃபார்முலாவும் மனப்பாடம், ஆனா ரெடாக்ஸ் பேலன்ஸ் பண்றதுல ஆரம்பிச்சு நெர்ன்ஸ்ட், ஃபாரடே, கண்டக்டன்ஸ் வரைக்கும் எந்தக் கணக்கு போட்டாலும் விடை கொஞ்சம் தள்ளிப் போகுது, அதுவும் அந்தத் தப்பு விடை அப்படியே ஆப்ஷன்ல உக்காந்திருக்கு, பரிட்சைக்குள்ள இதை எப்படி சரி பண்றது?

ஆப்ஷன்ல இருக்கத்தான் செய்யும், ஏன்னா கேள்வி எடுக்கறவங்களுக்கு யார் எங்க வழுக்குவாங்கன்னு நல்லாவே தெரியும். என்னைக் கேட்டா ரெடாக்ஸ், எலக்ட்ரோகெமிஸ்ட்ரின்னு ரெண்டு பாடமா பிரிச்சு படிக்கறதுலயே சிக்கல் ஆரம்பிக்குது. ரெண்டுலயும் கேக்கறது ஒண்ணுதான்: எலக்ட்ரான் யார் குடுத்தா, யார் வாங்குனா, எத்தனை கைமாறுச்சு. ஹாஃப் ரியாக்‌ஷனை (எலக்ட்ரான் குடுக்கற பாதியும் வாங்கற பாதியும் தனித்தனி சமன்பாடா) எழுதாம நேரா ஃபார்முலாவுல நம்பரைப் போடறவங்கதான் பெரும்பாலும் மாட்டுறாங்க. அதனால கீழ எல்லாத்தையும் அந்த ஒரே கோணத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஆக்சிஜனேற்ற எண்ணுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம். ஆக்சிஜன் மைனஸ் 2, ஹைட்ரஜன் பிளஸ் 1, மொத்தம் கூட்டுனா மேல இருக்கற சார்ஜ் வரணும், அவ்வளவுதான். விதிவிலக்குதான் மார்க்கை சாப்பிடும். பெராக்சைடுல ஆக்சிஜன் மைனஸ் 1, சூப்பராக்சைடுல மைனஸ் அரை, சோடியம் ஹைட்ரைடு மாதிரி உலோக ஹைட்ரைடுல ஹைட்ரஜன் மைனஸ் 1, ஃப்ளூரின் கூட சேந்தா மட்டும் ஆக்சிஜனே பிளஸ்ஸுக்குப் போயிடும். இதுல அடிக்கடி வர்ற ஒண்ணு ஒரு குரோமியமும் அஞ்சு ஆக்சிஜனும் இருக்கற அந்த நீல நிற காம்பவுண்ட், CrO5. கண்ணை மூடிட்டு போட்டா குரோமியத்துக்கு பிளஸ் 10 வரும். குரோமியம்கிட்ட குடுக்கறதுக்கு வெளிக்கூட்டுல இருக்கறதே 6 எலக்ட்ரான்தான், அப்புறம் 10 எங்கேருந்து வரும்? அந்த அஞ்சுல நாலு ஆக்சிஜன் பெராக்சைடா இருக்கு, ஒண்ணு மட்டும் சாதாரண ஆக்சைடு, ஆக மைனஸ் 4, மைனஸ் 2, குரோமியம் பிளஸ் 6. விடை வந்ததும் அந்த தனிமத்தால அவ்வளவு குடுக்க முடியுமான்னு ஒரு தடவை பாத்துட்டா இந்த மாதிரி கேள்வியில ஏமாற மாட்டீங்க.

பேலன்ஸ் பண்றதுக்கு வருவோம். ஆக்சிஜனேற்ற எண் முறை, ஹாஃப் ரியாக்‌ஷன் முறை ரெண்டுமே சரிதான், ஆனா ஹாஃப் ரியாக்‌ஷனைப் பழகுங்க, ஏன்னா அதேதான் பின்னாடி செல்லுலயும் எலக்ட்ராலிஸிஸ்லயும் வரப்போகுது. ஒரு உதாரணத்தை முழுசா போட்டுப் பாக்கலாம். ஆசிட் மீடியத்துல பெர்மாங்கனேட்டும் ஆக்சலேட்டும். பெர்மாங்கனேட்டுல மாங்கனீஸ் பிளஸ் 7, அது மாங்கனீஸ் 2+ ஆகுது, அப்ப 5 எலக்ட்ரான் வாங்குது. நாலு ஆக்சிஜன் இருக்கு, வலது பக்கம் 4 தண்ணி போடணும், அதுக்கு இடது பக்கம் 8 ஹெச் பிளஸ். இப்ப சார்ஜ் பாருங்க: இடது பக்கம் மைனஸ் 1, பிளஸ் 8, மைனஸ் 5, மொத்தம் பிளஸ் 2, வலது பக்கமும் பிளஸ் 2. சரியா இருக்கு. ஆக்சலேட் பக்கம் ரொம்ப சுலபம், ஒரு ஆக்சலேட் உடைஞ்சு 2 கார்பன் டை ஆக்சைடு, 2 எலக்ட்ரான் வெளிய. 5க்கும் 2க்கும் பொதுவா 10, அதனால முதலாவதை 2ஆலயும் ரெண்டாவதை 5ஆலயும் பெருக்கிக் கூட்டுனா 2 பெர்மாங்கனேட், 5 ஆக்சலேட், 16 ஹெச் பிளஸ் சேந்து 2 மாங்கனீஸ் 2+, 10 கார்பன் டை ஆக்சைடு, 8 தண்ணி. கடைசியா சார்ஜ்: மைனஸ் 2, மைனஸ் 10, பிளஸ் 16, ஆக பிளஸ் 4, வலது பக்கமும் பிளஸ் 4. இந்த கடைசி சார்ஜ் செக்கை யாரும் பண்றதில்ல, பத்து செகண்ட்தான் ஆகும், அணு எல்லாம் சமமா இருந்தும் சார்ஜ் சமமா இல்லாத சமன்பாட்டை இதுதான் புடிச்சுக் குடுக்கும்.

பேசிக் மீடியம்னா பயம் வேணாம், முதல்ல ஆசிட்னே நெனச்சுப் போட்டுட்டு அப்புறம் மாத்துங்க. பெர்மாங்கனேட் மாங்கனீஸ் டை ஆக்சைடா மாறுறதுக்கு ஆசிட்ல 4 ஹெச் பிளஸ், 3 எலக்ட்ரான், வலது பக்கம் 2 தண்ணி. ரெண்டு பக்கமும் 4 ஓஹெச் மைனஸ் சேருங்க. இடது பக்கம் ஹெச் பிளஸ்ஸும் ஓஹெச் மைனஸ்ஸும் சேந்து 4 தண்ணியாகும், வலது பக்கத்து 2 தண்ணியோட அடிபட்டு இடது பக்கம் 2 தண்ணி, வலது பக்கம் 4 ஓஹெச் மைனஸ் மிஞ்சும். முடிஞ்சுது.

ஒரே பொருள் தானே ஆக்சிடைஸும் ஆகி ரெட்யூஸும் ஆகுற கேஸ்ல ஒரு சின்ன பொறி இருக்கு. குளோரினை சூடான செறிவான காரத்துல விட்டா குளோரைடும் குளோரேட்டும் வரும். ஒரு ஹாஃப்ல குளோரின் 2 எலக்ட்ரான் வாங்கி 2 குளோரைடு, இன்னொரு ஹாஃப்ல குளோரின் 12 ஓஹெச் மைனஸோட சேந்து 2 குளோரேட், 6 தண்ணி, 10 எலக்ட்ரான். முதலாவதை 5ஆல பெருக்கிக் கூட்டுனா 6 குளோரின், 12 ஓஹெச் மைனஸ், வலது பக்கம் 10 குளோரைடு, 2 குளோரேட், 6 தண்ணி. எல்லாமே 2ஆல வகுபடுது, அதை வகுக்கணும், 3 குளோரின், 6 ஓஹெச் மைனஸ்னு வரணும். சிறிய முழு எண் கெழுன்னு கேள்வியில கேட்டிருந்தா வகுக்காத விடைக்கு மார்க் கிடையாது.

இன்னொண்ணு, காப்பர் நீர்த்த நைட்ரிக் ஆசிட் கேஸ். 3 காப்பர், 8 நைட்ரிக் ஆசிட், விளைவு 3 காப்பர் நைட்ரேட், 2 நைட்ரிக் ஆக்சைடு, 4 தண்ணி. இந்த 8ல எலக்ட்ரான் வாங்குனது வெறும் 2தான். மிச்சம் 6 நைட்ரேட்டாவே காப்பர் கூட உக்காந்துருது, அது ஆசிட் வேலை மட்டும்தான் பாக்குது. எத்தனை மோல் ரெட்யூஸ் ஆச்சுன்னு கேட்டா 2, எத்தனை மோல் செலவாச்சுன்னு கேட்டா 8. கேள்வியை வேகமா படிச்சா இங்க காலி.

இப்ப டைட்ரேஷன் கணக்கு. என்-ஃபாக்டர்னு சொல்றது ஒரு மோல் பொருள் எத்தனை எலக்ட்ரான் குடுக்குது இல்ல வாங்குதுங்கறதுதான், வேற பெரிய விஷயம் இல்ல. ஃபெர்ரஸ் ஆக்சலேட்டை எடுத்துக்கோங்க, இது அடிக்கடி வரும். 0.144 கிராம் ஃபெர்ரஸ் ஆக்சலேட்டுக்கு ஆசிட் மீடியத்துல 0.02 மோலார் பெர்மாங்கனேட் எத்தனை மில்லி வேணும்? மோலார் மாஸ் 144, அப்ப 0.001 மோல். இதுல அயர்ன் 2+ ஒரு எலக்ட்ரான் குடுக்கும், ஆக்சலேட்டும் சும்மா இருக்காது, அது 2 குடுக்கும், மொத்தம் 3. அப்ப 0.003 மோல் எலக்ட்ரான், பெர்மாங்கனேட் ஒண்ணுக்கு 5 வாங்கும், 0.0006 மோல் வேணும், 30 மில்லி. அயர்னை மட்டும் எண்ணுனா 10 மில்லி வரும், ஆக்சலேட்டை மட்டும் எண்ணுனா 20 மில்லி வரும். 10, 20, 30 மூணும் ஆப்ஷன்ல இருக்கும்னு நான் சொல்லணுமா என்ன. பைரைட் காத்துல எரியற கணக்கும் இதே ஜாதிதான், அயர்ன் 2+லேருந்து 3+ ஆக 1, ரெண்டு சல்ஃபரும் மைனஸ் 1லேருந்து பிளஸ் 4க்குப் போக 10, மொத்தம் 11.

பெர்மாங்கனேட்டுக்கு 5ங்கறது ஆசிட் மீடியத்துல மட்டும்தான். நியூட்ரல் இல்ல லேசான காரம்னா 3, கடுமையான காரத்துல மாங்கனேட்டா நின்னுடும்னா 1. மீடியம் என்னன்னு கேள்வியில அடிக்கோடு போட்டுக்கோங்க.

சரி, செல்லுக்கு வருவோம். ஆனோடு, கேத்தோடு குழப்பம் பாதிப் பேருக்கு இருக்கு, காரணம் பிளஸ் மைனஸை வச்சு ஞாபகம் வச்சுக்கறது. டேனியல் செல்லுல (ஜிங்க்-காப்பர் செல்) ஆனோடு மைனஸ், எலக்ட்ராலிஸிஸ்ல ஆனோடு பிளஸ். குறி மாறும், வேலை மாறாது: ஆனோடுல எப்பவும் ஆக்சிடேஷன், கேத்தோடுல எப்பவும் ரிடக்‌ஷன். அதை மட்டும் புடிச்சுக்கிட்டு குறியை விட்டுடுங்க.

அட்டவணையில இருக்கறது எல்லாமே ரிடக்‌ஷன் பொட்டென்ஷியல். ஜிங்க் மைனஸ் 0.76, அயர்ன் 2+ மைனஸ் 0.44, ஹைட்ரஜன் 0, காப்பர் 0.34, ஃபெர்ரிக்-ஃபெர்ரஸ் 0.77, சில்வர் 0.80, டைக்ரோமேட் 1.33, குளோரின் 1.36, பெர்மாங்கனேட் 1.51, இந்த அளவு மனசுல இருந்தா போதும். எதோட மதிப்பு அதிகமோ அது எலக்ட்ரான் வாங்கும், அது கேத்தோடு. செல் ஈஎம்எஃப்னா (செல்லோட மொத்த வோல்டேஜ்) கேத்தோடு கழித்தல் ஆனோடு, ரெண்டையும் அட்டவணையில இருக்கற குறியோடவே போடணும். நிறைய பேரு ஆனோடுக்கு ஆக்சிடேஷன்னு குறியையும் திருப்பிட்டு அதுக்கப்புறம் கழிக்கவும் செய்வாங்க, டேனியல் செல்லுக்கு 1.10க்குப் பதிலா மைனஸ் 0.42 வந்து நிக்கும். ஒண்ணு திருப்பிட்டு கூட்டுங்க, இல்ல திருப்பாம கழிங்க. ரெண்டையும் சேத்து செய்யாதீங்க. பழைய புஸ்தகத்துல ஆக்சிடேஷன் பொட்டென்ஷியல் அட்டவணை இருக்கும், அதுல ஜிங்க்குக்கு பிளஸ் 0.76ன்னு பாத்து குழம்ப வேணாம். 1953ல ஸ்டாக்ஹோம்ல ஐயூபிஏசி (சர்வதேச வேதியியல் அமைப்பு) கூடி ரிடக்‌ஷன் குறியைத்தான் எடுத்துக்கணும்னு முடிவு பண்ணாங்க, அதுக்கப்புறமும் சில புஸ்தகம் பழசையே புடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

இந்த அட்டவணையே போதும், ஏன் பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போடக்கூடாதுங்கற கேள்விக்கும் விடை சொல்லிடலாம். பெர்மாங்கனேட் 1.51, குளோரின் 1.36, அப்ப பெர்மாங்கனேட் குளோரைடையே ஆக்சிடைஸ் பண்ணிடும், ரீடிங் கூடிப் போகும். டைக்ரோமேட் 1.33தான், அதனால நீர்த்த ஹைட்ரோகுளோரிக்ல அதை வச்சு டைட்ரேட் பண்ணலாம்.

இப்ப முக்கியமான இடம், இங்க நிதானமா படிங்க. ஹாஃப் ரியாக்‌ஷனை 2ஆல பெருக்குனா பொட்டென்ஷியலைப் பெருக்கக் கூடாது. ஏன்னா அது ஒரு கூலும் சார்ஜுக்கு எவ்வளவு எனர்ஜிங்கற கணக்கு, சார்ஜ் ரெண்டு மடங்கானா எனர்ஜியும் ரெண்டு மடங்காகும், விகிதம் அப்படியே இருக்கும். கூட்டக்கூடியது டெல்டா ஜி (கிப்ஸ் எனர்ஜி மாற்றம்) மட்டும்தான், அது மைனஸ் எலக்ட்ரான் எண்ணிக்கை பெருக்கல் 96500 (ஒரு மோல் எலக்ட்ரானோட சார்ஜ், கூலும்ல) பெருக்கல் ஈ நாட் (அட்டவணையில இருக்கற ஸ்டாண்டர்ட் பொட்டென்ஷியல்). இது எங்க கடிக்கும்னா, ஃபெர்ரிக்-ஃபெர்ரஸ் 0.77, ஃபெர்ரஸ்-அயர்ன் மைனஸ் 0.44 குடுத்து ஃபெர்ரிக்-அயர்ன் என்னன்னு கேப்பாங்க. நேரா கூட்டுனா 0.33, தப்பு, ஆனா ஆப்ஷன்ல கட்டாயம் இருக்கும். முதல் படியில 1 எலக்ட்ரான், அதுக்கு 0.77. ரெண்டாவது படியில 2 எலக்ட்ரான், அதுக்கு மைனஸ் 0.88. கூட்டுனா மைனஸ் 0.11, மொத்தம் 3 எலக்ட்ரான், வகுத்தா மைனஸ் 0.037 வோல்ட். குறியே மாறிப் போச்சு பாருங்க. அப்படின்னா ரெண்டு ஹாஃபை வச்சு செல் போடறப்ப மட்டும் ஏன் நேரா கழிக்கறோம்? அங்க குடுத்த எலக்ட்ரானும் வாங்குன எலக்ட்ரானும் ஒரே எண்ணிக்கை, அதனால அது அடிபட்டுப் போயிடுது. இங்க ஒரு ஹாஃப்லேருந்து இன்னொரு ஹாஃப் செய்யறோம், எலக்ட்ரான் மிச்சம் நிக்குது, அடிபடாது.

நெர்ன்ஸ்ட். அயனி செறிவு மாறுனா செல் வோல்டேஜ் எவ்வளவு மாறும்னு சொல்ற, 1889ல வந்த சமன்பாடு, இன்னைக்கும் பரிட்சையில பாதிப் பேரை கவுக்குது. காப்பர் ஆனோடு, காப்பர் 2+ 0.1 மோலார், சில்வர் கேத்தோடு, சில்வர் அயனி 0.01 மோலார், 298 கெல்வின். ஈ நாட் 0.80 கழித்தல் 0.34, அதாவது 0.46. இப்ப ஃபார்முலாவுக்குப் போகாதீங்க, ரியாக்‌ஷனை எழுதுங்க: ஒரு காப்பர், 2 சில்வர் அயனி, விளைவு காப்பர் 2+, 2 சில்வர். எலக்ட்ரான் 2. க்யூங்கறது விளைபொருள் செறிவை வினைபடுபொருள் செறிவால வகுத்தது, கெழு அடுக்கா ஏறும்; திட உலோகம் ரெண்டும் க்யூவுல வராது. க்யூ மேல 0.1, கீழ 0.01ஓட வர்க்கம், ஆக 1000, லாக் 3. 0.0591ஐ 2ஆல வகுத்து 3ஆல பெருக்குனா 0.0887, 0.46லேருந்து கழிச்சா 0.371 வோல்ட். அந்த வர்க்கத்தை விட்டவங்களுக்கு க்யூ 10 ஆகி 0.43 வரும்.

சிலர் சமன்பாட்டை அரை காப்பர், ஒரு சில்வர் அயனின்னு எழுதி எலக்ட்ரான் 1ன்னு போடுவாங்க, அப்ப தப்பான்னு ஒரு சந்தேகம் வரும். தப்பில்ல. க்யூ அப்ப 0.1ஓட வர்க்கமூலம் கீழ 0.01, அது 31.6, லாக் 1.5, 0.0591 பெருக்கல் 1.5 அதே 0.0887தான். எலக்ட்ரான் எண்ணிக்கையும் க்யூவும் ஒரே சமன்பாட்டுலேருந்து வந்தா விடை மாறவே மாறாது. ஒண்ணை ஒரு சமன்பாட்டுலேருந்தும் இன்னொண்ணை இன்னொரு சமன்பாட்டுலேருந்தும் எடுத்தாத்தான் கோளாறு. ஆனா சமநிலை மாறிலி கேட்டா கவனம், அது சமன்பாட்டை எப்படி எழுதுனோமோ அதைப் பொறுத்து மாறும். 2 எலக்ட்ரான் சமன்பாட்டுக்கு லாக் கே சுமார் 15.6, பாதியா எழுதுனா அதுல பாதி. இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிடறேன், சமநிலையில பூஜ்யமாகறது ஈ செல், ஈ நாட் இல்ல. ஈ நாட் பூஜ்யம்னு குடுத்திருக்கற ஆப்ஷனைப் பாத்து எத்தனை பேர் டிக் அடிப்பாங்கன்னு நெனைக்கறீங்க.

மைனஸா பிளஸ்ஸான்னு தடுமாற்றம் வந்தா லே சாட்லியர் வச்சு ஒரு நொடியில செக் பண்ணிக்கலாம். விளைபொருள் அயனி கூடுனா ரியாக்‌ஷன் முன்னாடி போக சோம்பல்படும், வோல்டேஜ் குறையணும். வினைபடுற அயனி கூடுனா வோல்டேஜ் ஏறணும். உங்க விடை அதுக்கு எதிரா இருந்தா க்யூவைத் தலைகீழா போட்டிருக்கீங்க. அப்புறம் 0.0591ங்கறது 298 கெல்வினுக்கு மட்டும்தான், வேற வெப்பநிலை குடுத்திருந்தா 2.303 ஆர் டி பை எஃப்ல நீங்களே போடணும்.

பிஹெச் கலந்து வந்தா இன்னும் சுவாரசியம். ஹைட்ரஜன் எலக்ட்ரோடு, அழுத்தம் 1ன்னா பொட்டென்ஷியல் மைனஸ் 0.0591 பெருக்கல் பிஹெச், பிஹெச் 10ல மைனஸ் 0.591, இது எல்லாருக்கும் தெரியும். பெர்மாங்கனேட்டுக்கு இதே வேலையைப் பண்ணிப் பாருங்க. ஹாஃப் ரியாக்‌ஷன்ல 8 ஹெச் பிளஸ், 5 எலக்ட்ரான், அப்ப பிஹெச் ஒவ்வொண்ணு ஏறுறப்பவும் 0.0591 பெருக்கல் 8 பை 5, கிட்டத்தட்ட 0.095 வோல்ட் இறங்கும். மத்த அயனி செறிவெல்லாம் 1 மோலார்னு வச்சுக்கிட்டா பிஹெச் 3ல 1.51 கழித்தல் 0.284, சுமார் 1.23. குளோரினோட 1.36க்குக் கீழ போயிடுச்சு, அதாவது அந்த பிஹெச்ல குளோரைடு மேல பெர்மாங்கனேட்டால கை வைக்க முடியாது. ஹாஃப் ரியாக்‌ஷன்ல ஹெச் பிளஸ்ஸை பேலன்ஸ் பண்ணாதவனுக்கு இந்தக் கணக்கு வரவே வராது, அதனாலதான் ரெண்டு பாடமும் ஒண்ணுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

ஃபாரடே கணக்கு உண்மையிலயே எல்லாத்துலயும் சுலபம், மோல் எலக்ட்ரான்னு ஒரு இடைப்படி எழுதுனீங்கன்னா. 2 ஆம்பியர், 30 நிமிஷம், காப்பர் சல்ஃபேட் செல்லும் சில்வர் நைட்ரேட் செல்லும் தொடர்ச்சியா இணைச்சிருக்கு. நிமிஷத்தை செகண்டாக்குங்க, 1800, பெருக்குனா 3600 கூலும். 96500ஆல வகுத்தா 0.0373 மோல் எலக்ட்ரான். தொடர் இணைப்புன்னா ரெண்டு செல்லுலயும் இதே எலக்ட்ரான்தான் போகுது. காப்பருக்கு 2 வேணும், 0.01865 மோல், 63.5ஆல பெருக்குனா 1.18 கிராம். சில்வருக்கு 1 போதும், 0.0373 பெருக்கல் 108, 4.03 கிராம். ஃபார்முலாவுல ஒரே அடியா எல்லாத்தையும் போட்டா எது எங்க தப்புச்சுன்னு கண்டுபுடிக்கவே முடியாது.

வாயு வந்தா ஹைட்ரஜன் ஒரு மோலுக்கு 2, குளோரின் 2, ஆக்சிஜன் 4. அந்த 4ஐ 2ன்னு போட்டு கோட்டை விடறது ரொம்ப சகஜம். நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட்ல 9650 கூலும் விட்டா 0.1 மோல் எலக்ட்ரான், ஹைட்ரஜன் 0.05 மோல், ஆக்சிஜன் 0.025 மோல். லிட்டர்ல கேட்டா 1.12, 0.56, இது மோலுக்கு 22.4 லிட்டர்னு எடுத்தா. எஸ்டிபி (ஸ்டாண்டர்ட் வெப்பநிலை, அழுத்தம்) அழுத்தத்தை 1 பார்னு ஐயூபிஏசி 1982லயே மாத்திட்டாங்க, அப்படிப் பாத்தா 22.7. கேள்வித்தாள் எதை எடுத்திருக்குன்னு அதுலயே பாத்துக்கோங்க, சண்டை போட வேணாம்.

எலக்ட்ராலிஸிஸ்ல என்ன வெளிய வரும்ங்கற கேள்விக்கு முதல்ல தொட்டிக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பட்டியல் போடுங்க, தண்ணியை மறந்துடாதீங்க, எலக்ட்ரோடையும் மறந்துடாதீங்க. உருகுன சோடியம் குளோரைடுன்னா போட்டியே இல்ல, சோடியமும் குளோரினும். கரைசல்னா கேத்தோடுல சோடியத்தை விட தண்ணி சுலபமா ரெட்யூஸ் ஆகும், ஹைட்ரஜன் வரும், காரம் மிஞ்சும். ஆனோடுல அட்டவணைப்படி பாத்தா தண்ணி 1.23, குளோரைடு 1.36, அப்ப ஆக்சிஜன்தான் வரணும். ஆனா செறிவான உப்புக் கரைசல்ல வர்றது குளோரின். காரணம் ஓவர் பொட்டென்ஷியல், ஆக்சிஜன் வெளிய வர்ற வேலை மெதுவா நடக்கறதால அதுக்குக் கூடுதலா வோல்டேஜ் தேவைப்படுது, அந்த இடைவெளியில குளோரைடு முந்திக்குது. கரைசல் ரொம்ப நீர்த்துப் போனா ஆக்சிஜன் வர ஆரம்பிச்சுடும். காப்பர் சல்ஃபேட்ல பிளாட்டினம் எலக்ட்ரோடுன்னா ஆனோடுல ஆக்சிஜன், கரைசல் வெளுத்து ஆசிடாகும். அதுவே காப்பர் எலக்ட்ரோடுன்னா ஆனோடே கரையும், கேத்தோடுல அதே அளவு படியும், நீல நிறம் அப்படியே இருக்கும். சோடியம் சல்ஃபேட்ல சோடியமும் வராது, சல்ஃபேட்டும் ஒண்ணும் ஆகாது, வெறும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 கன அளவுல.

கண்டக்டன்ஸ் பகுதி மட்டும்தான் எலக்ட்ரான் எண்றதுல சேராது, இங்க யூனிட்தான் எதிரி. மோலார் கண்டக்டிவிட்டி வேணும்னா, கப்பா (கரைசலோட கண்டக்டிவிட்டி) செ.மீ.ல குடுத்தா 1000ஆல பெருக்கி மோலாரிட்டியால வகுக்கணும், மீட்டர்ல குடுத்தா 1000 கீழ போகும். 0.01 மோலார் அசிட்டிக் ஆசிட், கப்பா 1.63 × 10^−4 சீமென்ஸ் பெர் செ.மீ.ன்னு வச்சுக்கோங்க, மோலார் கண்டக்டிவிட்டி 16.3. எல்லை மதிப்பை (செறிவு பூஜ்யத்தை நெருங்கறப்ப வர்ற மோலார் கண்டக்டிவிட்டி) வீக் எலக்ட்ரோலைட்டுக்கு கிராஃப் நீட்டி எடுக்க முடியாது, கோல்ராஷ் வழிதான்: ஹைட்ரோகுளோரிக் 425.9, சோடியம் அசிடேட் 91.0, ரெண்டையும் கூட்டி சோடியம் குளோரைடு 126.4ஐக் கழிச்சா 390.5. ஆல்ஃபா (அயனியா பிரிஞ்ச பங்கு) 16.3 பை 390.5, அதாவது 0.0417. சமநிலை மாறிலி 0.01 பெருக்கல் ஆல்ஃபா வர்க்கம் பை 1 கழித்தல் ஆல்ஃபா, சுமார் 1.8 × 10^−5, அசிட்டிக் ஆசிடுக்கு புஸ்தகத்துல இருக்கற அதே மதிப்பு. தியரியா கேட்டா ஒரே ஒரு வரி: தண்ணி ஊத்த ஊத்த கப்பா குறையும், மோலார் கண்டக்டிவிட்டி கூடும். முதலாவது ஒரு கன செ.மீ.க்குள்ள இருக்கற அயனியைப் பத்தினது, ரெண்டாவது ஒரு மோல் பொருளைப் பத்தினது.

பேட்டரியில ரெண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. லெட் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகுறப்ப எவ்வளவு ஆசிட் செலவாகும்? ஆனோடுல லெட், கேத்தோடுல லெட் டை ஆக்சைடு, ரெண்டும் லெட் சல்ஃபேட்டா மாறுது, மொத்த ரியாக்‌ஷன்ல 2 எலக்ட்ரானுக்கு 2 சல்ஃப்யூரிக் ஆசிட், அதாவது ஒரு ஃபாரடேக்கு (ஒரு மோல் எலக்ட்ரான்) ஒரு மோல் ஆசிட். ஒரு பக்கத்து சல்ஃபேட்டை மட்டும் எண்ணி அரை மோல்னு எழுதிடாதீங்க. இன்னொண்ணு மெர்குரி செல், ஏன் கடைசி வரைக்கும் 1.35 வோல்ட் மாறாம இருக்கு? மொத்த ரியாக்‌ஷனை எழுதுங்க, ஜிங்க்கும் மெர்குரிக் ஆக்சைடும் சேந்து ஜிங்க் ஆக்சைடும் மெர்குரியும், கரைசல்ல இருக்கற அயனி ஒண்ணு கூட அதுல இல்ல. அப்ப நெர்ன்ஸ்ட்ல க்யூவுக்குள்ள போடறதுக்கே எதுவும் கிடையாது, லாக் 1 பூஜ்யம், வோல்டேஜ் நகராது.